தூக்கம் வராத மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த நாளைப் பற்றி நேற்று போனில் பேசும்போது "அரைமணி நேரம் முன்னாடி கிளம்பியிருந்தால்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாய். நேரில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

1989இல் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் பெரிய நிலநடுக்கம் வந்தது. மனம் வாடும்போது என்ன செய்வீர்கள் என்று ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம் சூசன் நோலன்-ஹோக்செமா என்ற உளவியலாளர் அதற்கு இரண்டு வாரம் முன்புதான் தற்செயலாகக் கேட்டு வைத்திருந்தார். ஏழு வாரம் கழித்துப் பார்த்தால், நடந்ததையே அசைபோடும் பழக்கம் முன்பிருந்தே உள்ளவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது. பழைய சோர்வைக் கழித்துக் கணக்குப் பார்த்தபோதும் அப்படித்தான்.

யோசிக்காதே என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அதுதான் முதலில் வந்து நிற்கும். "இன்சூரன்ஸ் படிவத்தை எப்போது கொடுப்பது" என்று யோசித்தால் கடைசியில் செய்ய ஒரு வேலை கிடைக்கும். "ஏன் எனக்கு" என்பதற்கு ராத்திரி முழுக்க விழித்தாலும் ஒன்றும் கிடைக்காது. இரண்டாவது வகை என்று தெரிந்ததும் எழுந்து பாத்திரமாவது கழுவு.

அந்த வீடியோ வேறு. படிக்கட்டில் தண்ணீர் ஒவ்வொரு படியாக ஏறுவதை, தலையணைக்கடியில் போனை வைத்துக்கொண்டு பார்க்கிறாயாம். தம்பி சொல்லிவிட்டான், அவனைத் திட்டாதே. 2013 பாஸ்டன் குண்டுவெடிப்புக்குப் பின் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்திகளிலேயே கிடந்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிடவும் பதற்றம் அதிகமாக இருந்ததாக ஓர் ஆய்வு சொல்கிறது. போன் அடுத்த அறையில் தூங்கட்டும்.

தூக்கம் வராவிட்டாலும் காலையில் எழும் நேரத்தை மட்டும் மாற்றாதே. எழுந்ததும் வெளிச்சத்தில் கொஞ்சம் நில். உடம்பின் கடிகாரம் வெளிச்சத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் பார்த்துத்தான் ஓடுகிறது. இடம் மாறி, வேலை நின்று, எல்லாம் கலைந்ததில் அதுவும் குழம்பிப் போயிருக்கும். ஒருவேளை சாப்பாடாவது யாருடனாவது உட்கார்ந்து சாப்பிடு. துப்புரவு வேலையையும் ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதே, உன் குணம் எனக்குத் தெரியும்.

முதல் சில வாரம் திடுக்கிட்டு விழிப்பதும் எரிச்சலும் பலருக்கும் வரும், பெரும்பாலும் தானே குறையும். ஒரு மாதம் தாண்டியும் குறையாவிட்டால் மனநல மருத்துவரைப் பார்ப்போம், நானும் கூட வருகிறேன். இருந்து என்ன பயன் என்று ஒரு நொடி தோன்றினாலும் மாதக் கணக்கெல்லாம் வேண்டாம், அப்போதே என்னைக் கூப்பிடு, எந்த நேரமானாலும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வருகிறார். அந்த ஈர அலமாரியை அதுவரை தனியாக இழுக்காதே.

அம்மா