காற்றடைத்த ஆனிங் எத்தனை நாள் உழைக்கும்?

லெஸ்டர்
மார்ச் 14

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் உமாவைக் கூப்பிட்டு அந்தப் பத்தியை வாசித்துக் காட்டினேன். திருச்சியில் உன் தங்கை அடுத்த தெருவிலேயே இருப்பது எவ்வளவு பெரிய தெம்பு! இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு நாட்டிங்ஹாமில் வேலை கிடைத்துவிட்டது. வாரக் கடைசியில் காலி டப்பாக்களோடு வருகிறாள், குழம்பும் பொரியலும் நிரப்பிக்கொண்டு போகிறாள். நான் ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். உமா இப்போதே வரைபடத்தை விரித்து வைத்து ஊர் ஊராகக் குறித்துக்கொண்டிருக்கிறாள்.

நீ காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் கேரவன் வாங்கிய செய்திதான் எங்களுக்குப் பெரிய சந்தோஷம். பழசாக இருந்தால் என்ன, தளம் காய்ந்திருக்கிறது, ஈரம் பாய்ந்த வாடை இல்லை என்று எழுதியிருக்கிறாயே, அது போதும்.

சரி, கேரவனின் பக்கவாட்டில் மாட்டிக் கட்டும் கூடாரமான ஆனிங், அதிலும் காற்றடைத்தது, எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். காற்றடைத்த ஆனிங்கை நம்பாதே, ஒருநாள் ராத்திரி வெடித்துத் தலைமேல் விழும், கம்பி வைத்ததையே வாங்கு என்று உன் ஆபீஸ் நண்பர் சொன்னாராம். அக்கறையில்தான் சொல்லியிருப்பார். ஆனால் பயப்பட வேண்டிய இடம் அது இல்லை. எங்களுடையது கொரோனாவுக்கு முந்தைய கோடையில் வாங்கியது. வேல்ஸ், கார்ன்வால், நார்ஃபோக் என்று கடற்கரைக் காற்றையெல்லாம் பார்த்துவிட்டது. கேரவன் நிறுத்தித் தங்கும் சைட்டுகளில் அக்கம்பக்கத்தார் படும் பாட்டையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். காற்று இறங்கிப்போனதால் ஓர் ஆனிங்கே குப்பைக்குப் போவது அபூர்வம். வெயிலிலும் ஈரத்திலும் துணி இற்றுப்போய்க் குப்பைக்குப் போவதுதான் அதிகம். அப்புறம் ஜிப்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் உனக்கே விளங்கிவிடும். கம்பிக்குப் பதிலாக ஆனிங்கைத் தாங்கும் ஒவ்வொரு காற்றுத் தூணும் சைக்கிளின் டயரும் டியூபும் மாதிரி இரண்டு அடுக்கு. உள்ளே இருப்பது டிபியூ எனப்படும் பாலியூரித்தேன் வகைப் பிளாஸ்டிக்கில் செய்த மெல்லிய டியூப். காற்றைப் பிடித்து வைப்பது மட்டும்தான் அதன் வேலை. மேலே தடித்த பாலியெஸ்டர் உறை, நீளவாக்கில் ஒரு ஜிப். அழுத்தத்தைத் தாங்குவது இந்த உறைதான். டியூபைத் தனியே வெளியில் எடுத்து அதே அளவு காற்றை அடித்தால் உப்பிக்கொண்டே போய்க் கிழிந்துவிடும். அழுத்தம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டயருக்குக் காற்றடிக்கும்போது சொல்லும் அதே பி.எஸ்.ஐ. கணக்கில் பெரும்பாலும் 6 முதல் 9-க்குள் இருக்கும். கார் டயருக்கு 30-க்கு மேல் அடிக்கிறோம் இல்லையா, அதோடு ஒப்பிட்டால் இது ரொம்பக் குறைவு. தூண் பருமனாக இருப்பதால் இந்தக் குறைந்த அழுத்தத்திலேயே விறைத்து நிற்கிறது.

காற்றை வைத்துக் கூடாரத்தை நிமிர்த்தும் யோசனை நேற்று வந்தது இல்லை, தெரியுமா? பர்மிங்ஹாமில் கார் தயாரித்த ஃப்ரெடரிக் லான்செஸ்டர் 1917-லேயே போர்க்கள மருத்துவமனைகளுக்காக இப்படி ஒரு கூடாரத்துக்குக் காப்புரிமை கேட்டார். அவருடையதில் தூணே கிடையாது, உள்ளே இருக்கும் காற்றழுத்தமே கூரையைத் தூக்கிப் பிடிக்கும். நீ சிவில் படித்தவன், உனக்குப் பிடிக்கும் என்று எழுதினேன்.

ராத்திரி நன்றாக அடித்து வைத்தோம், காலையில் தொய்ந்துவிட்டது, எங்கேயோ லீக் என்று சைட்டில் பலர் சொல்லக் கேட்பாய். பல சமயம் லீக்கே இருக்காது. அடைபட்ட காற்று குளிர்ந்தால் அதன் அழுத்தம் குறையும். கணக்குப் போட்டுப் பார். சாயங்காலம் 20 டிகிரியில் 7 பி.எஸ்.ஐ. அடிக்கிறாய். வெளிக்காற்றின் அழுத்தம் 14.7-ஐச் சேர்த்தால் 21.7. விடியற்காலையில் 5 டிகிரிக்கு இறங்கினால் அது 20.6 ஆகிவிடும், வெளி அழுத்தத்தைக் கழித்துக் காட்டும் பம்பின் அழுத்தமானியில், அதாவது கேஜில், 5.9 காட்டும். துளிக் காற்றும் வெளியே போகாமலே ஒரு பி.எஸ்.ஐ.க்கு மேல் குறைந்துவிட்டது. வெயில் ஏறினால் தானாகச் சரியாகும். ஆபத்து எதிர்ப்பக்கம்தான் இருக்கிறது. 10 டிகிரிக் குளிரில் காலையில் 7 அடித்து வைத்த தூணுக்குள் மத்தியானம் 35 டிகிரி ஆனால் கேஜ் 9-ஐத் தொடப் பார்க்கும். கம்பெனி சொன்ன உச்ச அளவுக்குக் காலையிலேயே அடித்துவிட்டால் அந்த 2 பி.எஸ்.ஐ. கூடுதல் பாரம் முழுவதும் உறையின் தையலிலும் ஜிப்பிலும்தான் விழும். அதனால் வெயில் அடிக்கும் என்று தெரிந்த நாளில் கொஞ்சம் குறைத்தே அடி.

எங்களுக்கு ஒரு தடவை டியூப் போயிருக்கிறது, பெம்ப்ரோக்‌ஷயரில். நல்ல வெயில். உறையின் ஜிப் பிரிந்துவிடாமல் இருக்க அதன் முனையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டியிருப்பார்கள். நடுத்தூணில் அந்த டை வெயிலில் காய்ந்து அறுந்து, ஜிப் ஒரு சாண் நீளத்துக்குத் தானாகப் பிரிந்திருந்தது. அந்தச் சந்தில் டியூப் பிதுங்கி, பிதுங்கிய இடம் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளத்தது. உமா பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். நான் வால்வுக்குக் கையைக் கொண்டுபோவதற்குள் படார் என்றது. பக்கத்து நாய்கள் எல்லாம் குரைத்தன. ஆனால் கதிர், ஆனிங் விழவில்லை. ஒவ்வொரு தூணுக்கும் தனி வால்வு இருந்ததால் நடுவில் மட்டும் கூரை தொங்கியது, இரண்டு ஓரமும் அப்படியே நின்றன. உயரமான ஒரு கம்பை நடுவில் முட்டுக்கொடுத்து அந்த விடுமுறையை முடித்தோம். ஒரே இடத்தில் அடித்தால் எல்லாத் தூணுக்கும் காற்று போகிற மாடலை வாங்கினால், தூண்களுக்கு நடுவே அடைப்பு வால்வு இருக்கிறதா என்று பார். காற்று ஏற்றி முடித்ததும் அதை மூடிவிட வேண்டும்.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. ஊசி முனை ஓட்டை என்றால் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டுப்போட்டுவிடலாம். டிபியூவுக்கென்றே இருக்கும் பசைதான் பிடிக்கும், பிவிசி பசை பிடிக்காது. எங்களுடையது நீளமாகக் கிழிந்திருந்ததால் புது டியூப் வேண்டியிருந்தது. ஆனிங் செய்த கம்பெனிக்கு எழுதினால், அந்த மாடலுக்கு உதிரி டியூப் இப்போது கிடையாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. துணி புதுசு போல இருக்கிறது, ஜன்னல் தெளிவாக இருக்கிறது, ஒரு பிளாஸ்டிக் குழாய்க்காக மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டுமா? கடைசியில் அளவு கொடுத்தால் டியூப் செய்து தரும் சின்னப் பட்டறை ஒன்று கிடைத்தது. அதைப் போட்டு அதே ஆனிங்கைத்தான் இன்னும் கட்டுகிறோம். அதனால் கடையில் நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை வருஷம் கழித்தும் இதற்கு டியூபும் வால்வும் தனியாகக் கிடைக்குமா என்பதுதான். முடிந்தால் வாங்கும் அன்றே ஓர் உதிரி டியூபையும் சேர்த்து வாங்கி வை.

துணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எடை குறைந்த ஆனிங் எல்லாம் பெரும்பாலும் பாலியெஸ்டர். மழைக்கு நன்றாகத் தாங்கும், சீக்கிரம் காயும், ஆனால் புற ஊதாக் கதிர் அதைத் தின்றுவிடும். முதலில் நிறம் வெளுக்கும், அப்புறம் ஒருநாள் கயிறு கட்டும் இடத்தில் சும்மா இழுத்ததற்கே கிழியும். சில நாள் தங்கிவிட்டுக் கழற்றிக்கொண்டு வருகிற நம் மாதிரி ஆட்களுக்கு அது பல வருஷம் வரும். கோடை முழுக்க ஒரே சைட்டில் கட்டி வைப்பவர்களுக்கு வராது. பல கம்பெனிகளின் உத்தரவாதமும் வெயில் சேதத்தை ஏற்காது. மாதக்கணக்கில் நிற்க வேண்டும் என்றால் அக்ரிலிக் துணிதான் சரி. டென்மார்க்கின் இசபெல்லா 1957-லிருந்து ஆனிங் செய்கிறவர்கள், அவர்களுடைய அக்ரிலிக் ஆனிங்குகளை வெளுக்காமல் பல சைட்டுகளில் பார்த்திருக்கிறேன். கனமும் அதிகம், விலையும் அதிகம். உனக்கு அது வேண்டாம். உங்கள் ஸ்காட்லாந்துக் கம்பெனி வாங்கோவும் காற்றுத் தூண் வைத்துச் செய்கிறது, கிளாஸ்கோவில் கடைக்குப் போய் நேரில் தொட்டுப் பார்.

ஈரத்தோடு சுருட்டி வைப்பதுதான் அடுத்த எமன். பூஞ்சை மட்டும் இல்லை, துணியின் உள்பக்கம் பூசிய பாலியூரித்தேன் பூச்சே ஈரத்தில் சிதைந்து பிசுபிசுக்க ஆரம்பிக்கும். அதற்கு அப்புறம் அதைக் காப்பாற்ற வழி கிடையாது. மழையில் கழற்ற வேண்டி வந்தால் வீட்டுக்கு வந்த அன்றைக்கே மாடிப்படிக் கைப்பிடியில் விரித்துப் போட்டுவிடுவோம், வீடே இரண்டு நாள் கூடாரமாக இருக்கும். கழுவச் சோப்புத்தூள் போடாதே, தண்ணீர் ஒட்டாத தன்மை போய்விடும். வெறும் தண்ணீரில் துடைத்து, தேவைப்பட்டால் தண்ணீர் ஒட்டாமல் செய்யும் ஃபேப்சில், நிக்வாக்ஸ் மாதிரி ஏதாவது பூசு. ஜன்னல் பிளாஸ்டிக்கைக் கடும் குளிரில் மடித்தால் விரிசல் விடும்.

இன்னொன்று, நம் வீட்டுச் சமையல். ஆனிங்குக்குள் சோறு வடித்து சாம்பார் கொதிக்கவிட்டால் அந்த ஆவி எல்லாம் கூரையில் படிந்து காலையில் சொட்டும். புதுசு ஒழுகுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விடாதே. காற்றுத் துளைகளைத் திறந்து வைத்தால் போதும். கரி அடுப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே கொண்டுவராதே, அணைந்த மாதிரி தெரிந்தாலும். கார்பன் மோனாக்சைடு வாடையே இல்லாமல் உயிரை எடுத்துவிடும்.

வெளியில் வீசும் காற்றுக்கு வருகிறேன், ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலோரம் ஓபனும் ஸ்கை தீவும் போகப் போகிறாயே! கம்பி வைத்ததில் பலத்த காற்று அடித்தால் கம்பி வளையும் அல்லது ஒடியும், ஒடிந்த முனை துணியைக் கிழிக்கும். காற்றுத் தூண் வளைந்து கொடுத்துவிட்டு நிமிர்ந்துவிடும். இது நான் கண்ணால் பார்த்தது. ஆனால் பாரம் எங்கேயும் போய்விடாது, கயிறு கட்டும் தையலுக்கும் முளைகளுக்கும்தான் போகும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நாலு மடங்கு என்பது உனக்குத் தெரிந்த பாடம். ஆனிங்கோடு வரும் மெல்லிய முளைகளை நம்பாமல், கல்தரைக்கென்று விற்கும் தடித்த இரும்பு முளைகள் ஒரு கட்டு வாங்கு. கூரைக்குக் குறுக்கே போட்டு இறுக்கும் புயல் வாரையும் வாங்கு. முன்னறிவிப்பில் காற்று மணிக்கு 40 மைல் என்று பார்த்தால் நாங்கள் இருட்டுவதற்குள் இறக்கிவிடுவோம். வால்வுகளைத் திறந்தால் சில நிமிஷத்தில் தரையில் படுத்துவிடுகிறது. எனக்குக் காற்றுத் தூண் பிடித்ததற்கு இது ஒன்றே போதும். கொசுவலை ஜன்னல் உள்ளதாகப் பார். ஜூனிலிருந்து உங்கள் பக்கம் மிட்ஜ் என்கிற பொடிப்பூச்சி பிடுங்கி எடுத்துவிடும், மாலதி பாவம்.

பழையதாகக் கிடைத்தாலும் வாங்கலாம். போய் நிறுத்திப் பார்க்காமல் மட்டும் வாங்காதே. சாயங்காலம் அடித்து மறுநாள் அதே வெப்பநிலையில் கேஜைப் பார்க்கச் சம்மதிக்கிறாரா என்று கேள். உறை ஜிப்பை விரலால் முழு நீளமும் தடவிப் பார், மூலைத் தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார், பையைத் திறந்ததும் மோந்து பார்.

உன் கேரவனில் ஆனிங்கை மாட்டும் ரெயிலின் உயரத்தையும், அதில் நுழையும் பீடிங், அதாவது ஆனிங் ஓரத்தின் உருண்டை விளிம்பு, எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் அளந்து எழுது. இங்கே பெரும்பாலும் 6 தான், ஆனாலும் அளந்துவிடு. அப்புறம், 1907-ல் ஆரம்பித்த கேரவன் கிளப், இப்போது கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப், அதில் நாங்கள் உறுப்பினர். லேக் டிஸ்ட்ரிக்டில் அவர்கள் சைட்டில் ஜூன் இரண்டாம் வாரம் பக்கத்துப் பக்கத்து இடம் கேட்டு வைக்கிறேன், உனக்கும் எனக்கும் ஏறக்குறைய பாதி வழி. உனக்கும் மாலதிக்கும் அந்த வாரம் தோதுப்படுமா என்று மட்டும் சீக்கிரம் சொல், கோடையில் இடம் உடனே போய்விடும்.

அம்மாவிடம் பேசும்போது நாங்கள் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
செல்வம்