முப்பது நாளில் அடங்காத கண்: காப்பீட்டு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2020 ஏப்ரலில் நீங்கள் கொண்டுவந்த 'ஆரோக்ய சஞ்சீவனி' மருத்துவக் காப்பீட்டு பாலிசியில் கண்புரைக்கு ஒரு வரம்பு வைத்தீர்கள். காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது ஒரு கண்ணுக்கு 40,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. மருத்துவமனையில் சேருவதற்கு முந்தைய 30 நாள் செலவும் கிடைக்கும். வயதானால் வரும் புரைக்கு இதில் பெரிய குறை சொல்ல மாட்டேன். காலையில் போனால் மாலைக்குள் கறுப்புக் கண்ணாடியோடு வீடு திரும்பிவிடலாம்.

என் தங்கைக்கு வந்தது வேறு. யுவியைடிஸ் என்கிற, அடங்கி அடங்கித் திரும்பும் உள்கண் அழற்சி. அழற்சியும் அதற்குப் போட்ட ஸ்டீராய்டும் சேர்ந்து இளவயதிலேயே புரையைக் கொண்டுவந்துவிட்டன. கண்ணின் நடுவிலுள்ள கருந்துளையை, அதாவது பாப்பாவை, விரிக்கச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார் மருத்துவர். வட்டமாக விரியவில்லை, அதைச் சுற்றியுள்ள நிறத்திரையான ஐரிஸ் லென்ஸோடு அங்கங்கே ஒட்டிக்கொண்டு, பூச்சி அரித்த இலை போலக் கோணிக்கொண்டு நின்றது. அறுவையின்போது ஒட்டுகளைப் பிரித்து, சிறு கொக்கிகளால் பாப்பாவை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் லென்ஸை எடுக்க முடிந்தது.

அதுவும் உடனே இல்லை. மூன்று மாதமாவது அழற்சி முழுக்க அடங்கியிருந்தால்தான் கத்தி வைப்பார்கள். அவசரப்பட்டால் அறுவையே அழற்சியைக் கிளப்பிவிடும், விழித்திரையின் நடுப்பகுதி வீங்கும், பார்வை கிடைக்காது. அந்த மூன்று மாதத்து மாத்திரை, அழற்சியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்து, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை எல்லாமே அறுவைக்கான ஆயத்தம்தான். உங்கள் 30 நாள் கணக்கில் இதில் எவ்வளவு அடங்கும்? காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து வந்த பதில் ஒரே வரி: கண்புரைக்கான உச்சவரம்பு வழங்கப்பட்டுவிட்டது.

இன்னொன்று. மோனோகுளோனல் ஆன்டிபாடி (ஆய்வகத்தில் உருவாக்கும் நோயெதிர்ப்புப் புரதம்) ஊசியைக் காப்பீடு தர வேண்டிய நவீன சிகிச்சைப் பட்டியலில் சேர்த்தது நீங்கள்தான். அழற்சியை அடக்கும் அடாலிமுமாப் என்ற மருந்து அந்த வகைதான். யுவியைடிஸுக்கு 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டிலேயே தோலுக்கடியில் போட்டுக்கொள்வதால் 'ஓபி', அதாவது மருத்துவமனையில் சேராமல் பெறும் சிகிச்சை என்று தள்ளிவிடுகிறார்கள். கையால் கொடுத்ததைக் காலால் தட்டுவது என்று இதைத்தான் சொல்வேன்.

யாரோ ஒருவருக்கு வரும் அபூர்வ நோய் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1993 வெள்ளத்துக்குப் பிறகு, 1994இல் மதுரை வட்டாரத்தில் எலிக்காய்ச்சல் கிருமியால் பலருக்கு இதே அழற்சி வந்ததை அங்குள்ள கண் மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். காசநோயாலும் வருகிறது. பெரும்பாலும் உழைக்கிற வயதில் வருகிறது.

கேட்பது இதுதான். அழற்சியால் வந்த புரையை அந்த வரம்பிலிருந்து விலக்குங்கள். அதற்கு மட்டும் முன்செலவுக் காலத்தை 120 நாளாக்குங்கள். வீட்டில் போடும் ஊசிக்கும் பணம் கொடுக்கச் சொல்லுங்கள். இதைச் சாக்காக வைத்து எல்லோரும் கேட்பார்களே என்று நிறுவனங்கள் பதறலாம். தேவையில்லை. நோய்க் குறியீட்டுப் பட்டியலில் முதுமைப் புரைக்கு எச்25, பிற நோயால் சிக்கலான புரைக்கு எச்26.2 என்று ஏற்கெனவே தனித்தனி எண்கள் இருக்கின்றன. க்ளெய்ம் படிவத்தில் குறியீட்டுக்கென்று கட்டமும் இருக்கிறது.

இப்படிக்கு,
பாலிசிதாரர் ஒருவர்