வரைபடத்தோடு இதையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

உயிர்வேதியியல் படித்த எவருக்கும் லைன்வீவர்-பர்க் வரைபடம் தெரியும். நொதியின் வேகத்தை நேர்கோடாக்கிக் காட்டும் அதை 1934-இல் தந்த இருவரில் ஒருவரான அமெரிக்கர் டீன் பர்க், பிற்காலத்தில் பற்சொத்தையைத் தடுக்கக் குடிநீரில் ஃபுளோரைடு கலப்பதை எதிர்த்துக் களமிறங்கினார். கலந்த பத்து நகரங்களையும் கலக்காத பத்து நகரங்களையும் ஒப்பிட்டு, ஃபுளோரைடால் புற்றுநோய் மரணம் கூடுகிறது என்று 1970-களில் முழங்கினார். வயது, பாலினம், இனம் ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்ததும் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. முதியோர் மிகுந்த ஊரில் மரணம் மிகுவது இயல்புதானே! அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் பல்லாண்டு பணியாற்றியவர் இதில் சறுக்கியது வேதனை தருகிறது. உடலில் சயனைடை வெளியிடும் லேட்ரைலையும் புற்றுநோய்க்கு மருந்தென்று ஆதரித்தார். அதுதான் எனக்கு ஆறவில்லை. அந்த வரைபடத்தை நடத்தும் பேராசிரியர்கள் இதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி