எங்கள் எஞ்சினியருக்காகக் கூடிய உறவுகளுக்கு நன்றி

அன்புடையீர்,

கடந்த மாதம் எம்மை விட்டுப் பிரிந்த எங்கள் பொறியியலாளர் நண்பரின் அந்தியேட்டிக் கிரியைகள் நல்லபடியாக நிறைவேறின. வீட்டார் தனியே நன்றி அச்சிட்டிருக்கிறார்கள். இது திருகோணமலையில் அவரோடு நீர்ப்பாசன வேலையில் மாரடித்த எங்கள் சார்பில்.

கடைசிக் கிழமைகளில் இரவு பகல் பாராமல் கவனித்த வைத்தியர்கள், தாதியர்கள், இரத்தம் வேண்டும் என்றதும் கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து நின்ற பொடியன்கள், பந்தல் போட்டவர்கள், அடுப்பு மூட்டாத வீட்டுக்கு மூன்று நேரமும் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்கள், தேவாரம் ஓதியவர்கள், வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் ஆறுதல் சொன்னவர்கள் எல்லோருக்கும் நன்றி.

அல்லை நீர்ப்பாசனத் திட்டத்து விவசாயிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். நெல் வெட்டு நேரம், மெஷின் வயலில் நிற்கிறது, அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். காரணம் எங்களுக்குத் தெரியும். வெருகல் அணைக்கட்டில் தண்ணீர் நிறைய ஓடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற ஆள் அல்ல அவர். வாய்க்காலின் கடைசிக் காணிக்குத் தண்ணீர் ஏறியதைக் கண்ணால் கண்ட பிறகுதான் பதிவேட்டில் எழுதுவார். அதற்காக அவரைத் திட்டியவர்களும் எங்களில் உண்டு. காத்து நின்ற எங்களுக்குப் பசி அப்படி.

பாதை, அதாவது வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை, ஓட்டிய முன்னாள் பாதைக்காரர் ஒருவரும் தள்ளாத வயதில் வந்திருந்தார். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை ஜீப்பைப் பாதையில் ஏற்றித்தான் அக்கரை போவோம். வரிசையில் காத்து நிற்கும்போது பொனற்றின் மேல் லெவல் புத்தகத்தை, நில உயர அளவுகள் எழுதும் கொப்பியை, விரித்துவிடுவார். உயரம் தெரிந்த அடையாளப் புள்ளியான பெஞ்ச்மார்க்கில் வந்து முடிக்கையில் கணக்கு இடித்தால் மறுநாள் முழுக்கத் திரும்ப அளவை. ரப்பரால் அழிக்க விடமாட்டார். பிழையான எண்ணின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் சரியானது, கீழே கையெழுத்து.

கந்தளாயிலிருந்து சிங்களத் தொழிலாளர்கள் பஸ் பிடித்து வந்தார்கள். 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து ஊர்மனைகளை அள்ளிக்கொண்டு போனபோது அவர் வேலைக்குப் புதிது. அதன் பிறகு எந்தக் குளத்துக்குப் போனாலும் கட்டின் அடிவாரத்தில் கசியும் நீரைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். தெளிவாக இருந்தால் பேசாமல் நடப்பார். கலங்கலாக இருந்தால் கட்டின் மண் உள்ளே அரிபடுகிறது. அன்றைக்கு ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது. சந்தேகம் வந்த அன்று இரவு அந்தத் தொழிலாளர்கள்தான் அவரோடு லாந்தர் பிடித்துக் குளக்கட்டில் காவல் இருந்தவர்கள்.

பெயர் விட்டுப்போனவர்கள் பொறுத்தருளவும். ஒரேயொரு வேண்டுகோள்: அவரிடம் இரவல் வாங்கிய புத்தகங்களை மகளிடம் சேர்த்துவிடுங்கள். யாரிடம் எது நிற்கிறது என்று திகதியோடு எழுதி வைத்த கொப்பி இப்போது அவ கையில்.

இங்ஙனம்,
உடன் பணியாற்றியோர்,
திருகோணமலை.