பெயரை மறைத்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஞாயிற்றுக்கிழமைதோறும் சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் கதை படிக்க வருகிறார்கள். அவர்களை வைத்துத்தான் இந்தக் கடிதம்.

பாடப் புத்தகத்தில் 'நூல்வெளி' என்று ஒரு கட்டம் வரும். ஆசிரியரின் ஊர், நூல்கள், விருதுகள் எல்லாம் அதில் இருக்கும். கி. ராஜநாராயணனுக்குச் சாகித்திய அகாதெமி விருது 1991இல் கிடைத்தது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் சொல்வார்கள். அவர் எழுதிய ஒரு பத்தியைப் பெயரை மறைத்துக் கொடுத்தால் மட்டும் முழிக்கிறார்கள். எழுதியவரைத் தெரியும், எழுத்தைத் தெரியாது.

நான் செய்வது இதுதான். கி.ரா.வின் ஒரு பத்தி, அசோகமித்திரனின் ஒரு பத்தி. பெயரில்லாமல் இரண்டையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். அப்புறம் கேள்விகள். எதில் வாக்கியம் சின்னது? யார் நம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கிறது? யார் துக்கம் என்ற சொல்லே இல்லாமல் துக்கத்தைக் காட்டுகிறார்? பிள்ளைகள் விரல் விட்டுச் சொற்களை எண்ணுவார்கள். மூன்றாவது வாரத்தில் முதல் வரியிலேயே கண்டுபிடித்துக் கத்துகிறார்கள்.

சரி, இப்போது அவர்களைப்போல எழுதுங்கள் என்பேன். எல்லோருக்கும் ஒரே காட்சி: மழை விட்ட சாயங்காலம், தட்டுவடைக்கு நடுவே காய்த் துருவல் வைத்துத் தரும் எங்கள் ஊர்த் தட்டுவடை செட் கடை. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "பையன் கையில் இருந்த சில்லறையை எண்ணினான். கடைக்காரர் பீட்ரூட் துருவிக்கொண்டிருந்தார். பையன் மறுபடியும் எண்ணினான்" என்று எழுதினாள். பசி, ஏக்கம், பாவம் எதுவும் அதில் இல்லை. எனக்குத் தொண்டை அடைத்தது. இதே பெண் பள்ளிக் கட்டுரையில் 'என்னே மழையின் மாண்பு!' என்று எழுதுகிறவள்.

பார்த்து எழுதினால் சொந்த நடை வராது என்கிறார்கள். பிள்ளைகள் ஏற்கெனவே ஒருவரைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள், கைடு எழுதியவரை! எங்கள் தெருவில் தறி பழக வருகிறவன் முதல் நாளே சொந்தமாகப் பார்டர் போடுவதில்லை. இன்னொருவர் போட்டதைப் பார்த்துப் பார்த்துத்தான் கை பழகுகிறது.

இன்னொன்றும் கண்டேன். பத்தாம் வகுப்புப் பாடத்தில் வரும் கி.ரா. பகுதியில் 'தொலவட்டையில்' என்று ஒரு கரிசல் சொல் உண்டு. தொலைவில் என்று பொருள். ஏற்காடு அடிவாரத்திலிருந்து வரும் பையன் ஒருவன் அதைத் தன் கதையில் போட்டுவிட்டு, உடனே அடித்தான். "எங்க அம்மாயி இப்படிச் சொல்லாதுங்க டீச்சர்" என்றான். பின் அம்மாயி, அதாவது அவன் அம்மாவைப் பெற்ற பாட்டி, சொல்லும் 'வெள்ளனே', 'பொழுதோட' எல்லாம் அவன் கதைக்குள் வந்தன. கி.ரா.வைப்போல எழுதப் போய்த்தான் தன் வீட்டுப் பேச்சு அவன் காதில் விழுந்தது.

அந்தக் கதையை அவன் பள்ளியில் காட்டியபோது, அந்தச் சொற்களையெல்லாம் சிவப்பு மையில் சுழித்து, 'கொச்சை' என்று எழுதித் திருப்பித் தந்துவிட்டார்கள். இரண்டு வாரம் அவன் திண்ணைப் பக்கம் வரவில்லை.

வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு என் வேண்டுகோள். 'நூல்வெளி'யிலிருந்து கேட்கும் ஒரு கேள்வியைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் ஒரு பத்தியைக் கொடுத்து, 'இதே நடையில் பத்து வரி தொடர்க' என்று கேளுங்கள். திருத்துகிறவர்கள் அந்த நடையில் வரும் வட்டாரச் சொல்லைப் பிழை என்று அடிக்கக் கூடாது என்பதையும் விடைக்குறிப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
அம்மாப்பேட்டை, சேலம்.