பத்து எண்ணும் வரை பொறுத்தவர்களுக்கு

அன்புள்ள டீச்சருக்கும், எங்கள் ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியோடு சேர்ந்த மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

என் மகன் இந்த மாதத்தோடு ஐந்தாம் வகுப்பை முடிக்கிறான். ஆண்டு விழாவில் என்னைப் பேசச் சொன்னீர்கள். மைக்கைப் பிடித்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. "எல்லாருக்கும் நன்றி" என்று ஒரு வரியோடு இறங்கிவிட்டேன். விட்டுப்போனதை இப்போது எழுதுகிறேன்.

அவனுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம் என்பது சோழவந்தான் பக்கம் எங்களைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அறிந்ததுதான். சக்கர நாற்காலியில்தான் போக வர முடியும். விரல்கள் இறுகியிருக்கும். பேச்சு வரும், நேரம் எடுத்து வரும். அவனுக்கு ஐந்து வயதானபோது முதலில் ஒரு தனியார் பள்ளிக்குப் போனேன். மற்றப் பிள்ளைகளின் படிப்பு கெடும் என்றார்கள். காப்பி கொடுத்துத்தான் சொன்னார்கள், மரியாதைக்குக் குறைவில்லை. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் அழுதேன்.

வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் அதன் பிறகுதான் வீடு தேடி வந்தார். அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற எந்தப் பள்ளியும் பாகுபாடின்றி இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது, 16-ஆவது பிரிவு என்று விரலைத் தட்டிச் சொன்னார். முன்பே தெரிந்திருந்தால் அன்றைக்கு அழுவதற்கு முன் இரண்டு கேள்வியாவது கேட்டிருப்பேன். தொகுப்பூதியத்தில் இத்தனை பள்ளிகளுக்கு ஸ்கூட்டரில் அலையும் அவருக்கு ஊதியம் உயர வேண்டும் என்று நான் வேண்டாத கோயில் இல்லை. பென்சிலில் சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தவர் அவர்தான். அன்று மாலை என் மகன் போட்ட 'ட' கோணலாக இருந்தது. இன்னும் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். வாடிப்பட்டியில் கால்களுக்குப் பயிற்சி கொடுத்த இயன்முறை மருத்துவருக்கும், ஏற்றி இறக்கும் வரை வண்டியை நகர்த்தாத மினி பஸ் ஓட்டுநருக்கும் நன்றி.

டீச்சர், உங்களுக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இரண்டாம் வகுப்பில் ஒரு நாள் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ஊரை ஒட்டி ஓடும் ஆறு எது என்று அவனைக் கேட்டீர்கள். பக்கத்துப் பையன் வாயைத் திறந்தான். நீங்கள் கையைக் காட்டி நிறுத்தினீர்கள். வகுப்பு முழுவதும் சத்தமில்லாமல் ஒவ்வொரு விரலாக மடக்கத் தொடங்கியது. பத்து மடக்கி முடியும் வரை யாரும் பேசக் கூடாது என்று நீங்கள் வைத்திருந்த சட்டம் அது. ஏழாவது விரலில் "வை...கை" என்றான். (அதில் தண்ணீர் ஓடுகிறதா என்பது வேறு கடிதத்துக்கான விஷயம்.) யாரும் கைதட்டவில்லை. நீங்களும் "சரி" என்று மட்டும் சொல்லி அடுத்த பிள்ளையிடம் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் பிடித்தது.

வீட்டில் நான் அப்படி இருந்ததில்லை. "சோறு வேணுமா, தண்ணி வேணுமா" என்று நானே கேட்டு நானே முடிவு செய்துவிடுவேன். அவனுக்கு ரசம் பிடிக்காது என்பதே, நான் விரல் மடக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. அத்தனை வருடம் ரசம் ஊற்றியிருக்கிறேன்.

காலை உணவு சமைக்கும் மகளிர் குழு அக்காவுக்கு: உப்புமாவில் சாம்பாரைக் கூடுதலாக ஊற்றிக் குழைத்து, புரையேறாமல் சாப்பிடப் பழக்கினீர்கள். பள்ளி மேசையில் அரைவட்டமாக வெட்டி, அவன் முழங்கைகளுக்கு இடம் செய்துகொடுத்த ஆசாரி அண்ணனுக்கும், அதற்குக் கையெழுத்துப் போட்ட தலைமையாசிரியர் ஐயாவுக்கும் நன்றி. அந்த மேசை இப்போது அவனுக்குச் சிறிது. ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கு வரும் பாப்பாவுக்கு அது சரியாக இருக்கும்.

கடைசியாகக் கொத்தனார் மாமா. பள்ளியில் முன்பிருந்த சாய்தளம் ஒன்றரை அடி உயரத்துக்கு ஐந்தடி நீளம்தான். நாற்காலியைப் பின்னால் இருந்து இரண்டு பேர் இழுத்துப் பிடிக்காவிட்டால் பையன் நேரே கொடிக் கம்பத்துக்குப் போய்விடுவான். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்ற கணக்கைப் பயிற்றுநர் சொன்னதும், இடித்துவிட்டுச் சுவரோரமாகப் பதினெட்டு அடிக்குக் கட்டினீர்கள். சிமென்ட் இறுகியதும் வேட்டியை மடித்துக் கட்டி, அவன் நாற்காலியில் நீங்களே உட்கார்ந்து மூன்று முறை ஏறி இறங்கினீர்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். என் மகன்தான் அதிகமாகச் சிரித்தான்.

ஆறாம் வகுப்புக்கு அவன் போகும் பள்ளிக்கு மாமா நேற்றே டேப்போடு போய்விட்டு வந்தார். வாசல் படி இருபத்தொரு அங்குலமாம். இருபத்தொரு அடிக்கு இடம் இருக்கிறது, நடுவில் ஒரு வேப்பமரம் நிற்கிறது, வெட்ட வேண்டாம், சுற்றி வளைத்துக்கொள்ளலாம் என்கிறார்.

இப்படிக்கு,
அவன் அம்மா