ஆள் ஏறி உட்கார்ந்த பிறகு அளவெடுங்கள்: டர்பன் பக்கத்துப் பைக் பட்டறைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் பெரிய டூரிங் பைக்குகளுக்கு வேலை பார்க்கும் பட்டறை அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

பைக் நிற்கப்போகும் நேரத்தில் இரு பக்கமும் இறங்கி, சிறு சக்கரங்களில் வண்டியைத் தாங்கிப் பிடித்து, கிளம்பியதும் தானே மேலே மடங்கிக்கொள்ளும் கால்களைப் பற்றி எழுதுகிறோம். விற்பவர்கள் லேண்டிங் கியர் என்கிறார்கள். இந்த மடலில் துணைக்கால் என்றே சொல்கிறோம். கோல்ட் விங் டூர் ஏறத்தாழ 380 கிலோ. ஹார்லியின் பெரிய டூரிங் வண்டிகள் 400 கிலோவைத் தாண்டும். முழங்கால் மாற்று அறுவை செய்தவர், இடுப்பு தேய்ந்தவர், கால் நீளம் போதாதவர் இவர்களுக்கெல்லாம் ஓடும்போது ஒரு சிரமமும் இல்லை, சிக்னலில் நிற்கும் அந்த ஐந்து விநாடிதான் சிரமம். மூன்று சக்கர டிரைக்காக மாற்றிவிடலாம்தான். ஆனால் டிரைக் வளைவில் சாயாது, பைக் ஓட்டும் கையின் பழக்கமே அதில் மாறிவிடும். துணைக்கால் பைக்கைப் பைக்காகவே விட்டுவைக்கிறது. அதனால்தான் இந்த வேலை ஒழுங்காக நடக்க வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

முதலில் உயரம். வெறும் வண்டியை லிஃப்டில் நிறுத்தி, கால்களை இறக்கி, கண்ணுக்குச் சரியாகத் தெரிந்த இடத்தில் நட்டை முறுக்கிவிடுவது பெரிய தவறு. துணைக்கால் ஃபிரேமில் பொருத்தப்படுகிறது. ஃபிரேம் ஷாக் அப்சார்பருக்கு மேலே இருக்கிறது. ஆள் ஏறினால் ஃபிரேம் இறங்கும், அதோடு துணைக்காலும் இறங்கும், டயர் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். பின்சீட்டில் ஓர் ஆள், பக்கப் பெட்டிகள் இரண்டும் நிறையச் சாமான் என்றால் வண்டியின் பின்பக்கம் 25 முதல் 30 மி.மீ. வரை எளிதாக அமுங்கும். வெறும் வண்டியில் சிறு சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே நீங்கள் விட்ட 20 மி.மீ. இடைவெளி அங்கேயே காணாமல் போகிறது. மிச்ச எடை சிறு சக்கரங்களில் ஏறி, பின் டயர் தரையை இறுகப் பிடிக்காமல் லேசாக நிற்கிறது. சாட்ஸ்வொர்த் மேட்டில் அப்படி நின்று கிளம்பினால் பின் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. இறக்கத்தில் நின்றால் பின் பிரேக் பிடித்தும் வழுக்கும்.

துணைக்காலின் வேலை வண்டியைத் தூக்குவது அல்ல, சாயாமல் தடுப்பது. எடையைச் சுமக்க வேண்டியவை இரண்டு டயர்கள்தான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சிறு சக்கரம் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 450 மி.மீ. தள்ளி இருக்கிறது, தரைக்கு மேல் இடைவெளி 20 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், வண்டி சுமார் இரண்டரை டிகிரி சாய்ந்து அந்தச் சக்கரத்தில் உட்காரும். வண்டியும் ஆளும் சேர்ந்து 470 கிலோ, எடையின் மையம் தரையிலிருந்து 550 மி.மீ. என்றால் அந்தக் காலில் ஏறுவது ஏறத்தாழ 25 கிலோதான். இடைவெளியை 40 ஆக்கினால் சாய்வு 5 டிகிரி, கால்மேல் எடை ஏறத்தாழ 50 கிலோ. ஐந்து டிகிரி சாயும்போதே ஓட்டுபவர் பதறிக் காலை ஊன்றப் போவார். எந்தக் காலை ஊன்றக் கூடாது என்று இத்தனை செலவு செய்தாரோ அதே காலை.

ஆகவே அளவெடுக்கும் முறை இதுதான். சமமான சிமெண்டுத் தரை. ரசமட்டப் பலகையை நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பார்த்துவிடுங்கள், பட்டறைத் தரை பெரும்பாலும் சாக்கடைப் பக்கம் சரிந்திருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது காற்று சரியாக இருக்க வேண்டும். கோல்ட் விங்கில் முன் 36, பின் 41 பி.எஸ்.ஐ. உரிமையாளர் ஹெல்மெட், ஜாக்கெட்டோடு உட்காரட்டும். பின்சீட்டில் வழக்கமாக வருபவர் வரட்டும். அவர் வராவிட்டால் அவர் எடைக்கு ஏற்ற அரிசி மூட்டைகளைக் கட்டிவையுங்கள், பக்கப் பெட்டிகளிலும் பயணத்துக்குப் போகும் எடையைப் போடுங்கள். ஷாக்கை மூன்று முறை அமுக்கிவிட்டு ஓய விடுங்கள். ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்து வண்டியை நேராக நிறுத்த, இன்னொருவர் பின் பிரேக் டிஸ்க்கில் மட்டத்தை ஒட்டிப் பிடித்து நேர் பார்க்க, மூன்றாமவர் இரு பக்க இடைவெளியையும் அளக்கட்டும். பிறகு பின்சீட்டுக்காரரும் சாமானும் இறங்கி, ஓட்டுபவர் மட்டும் இருக்கும்போது மறுபடி.

இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சமன் செய்வது பிரீலோடு, அதாவது ஷாக் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிவைக்கும் அளவு. பல கோல்ட் விங்குகளில் அதை ஸ்விட்சிலேயே மாற்றலாம், ஹார்லியில் காற்றழுத்தத்தாலோ கைக்குமிழாலோ மாற்றலாம். தனியாக ஓட்ட ஒரு பிரீலோடு, இருவர் ஓட்ட ஒரு பிரீலோடு என்று குறித்து, இரண்டிலும் இடைவெளி 15 முதல் 30 மி.மீ.க்குள் நிற்கும்படி அமையுங்கள். துணைக்கால் கிட்டின் (பாகத் தொகுப்பின்) கையேட்டில் வேறு எண் இருந்தால் அந்த எண்ணே சரி. இடது வலது வித்தியாசம் 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் உடனே அட்ஜஸ்டரைத் திருக வேண்டாம். துணைக்காலை ஃபிரேமில் பிடிக்கும் பிராக்கெட் கோணலாக இறுகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதிக்கு மேல் கோளாறு அங்கேதான்.

நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுகிறோம் என்பதால் இன்னொன்று. மழைநீர் வடிய, சாலை ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும், 2 முதல் 3 சதவீதம். இரு சிறு சக்கரங்களுக்கும் நடுவே 900 மி.மீ. அகலம் என்றால் இடது சக்கரம் 18 முதல் 27 மி.மீ. தாழ்ந்த தரையில் நிற்கிறது. அதனால் ரோட்டில் நிற்கும்போது வண்டி எப்போதும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தே நிற்கும். வாடிக்கையாளர் வந்து புகார் சொன்னால் இதை விளக்குங்கள். இடது காலை மட்டும் கூட்டி இறக்கி நேராக்கித் தராதீர்கள், அடுத்த முறை பெட்ரோல் பங்கின் சமதரையில் வண்டி வலப்பக்கம் விழப் பார்க்கும்.

இனி பிராக்கெட். எடை ஃபிரேமுக்குத்தான் போக வேண்டும். எஞ்சின் கார்டு, பக்கப் பெட்டியின் கம்பி இவை விழும்போது பெயிண்டைக் காப்பாற்றச் செய்தவை. தினமும் நூறு முறை எடை ஏறி இறங்க வெல்டில் விரிசல் விடும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பக்கப் பெட்டிகளையும் சைலன்சர்களையும் இறக்கி, பிராக்கெட் உட்காரும் இடத்தின் பெயிண்டு, துரு, தார் எல்லாவற்றையும் துடைத்தெடுங்கள். தூள் பெயிண்டின் மேல் இறுக்கிய போல்ட் சில நாளில் தளர்ந்துவிடும், பெயிண்டு நசுங்கி இடம் விடுவதே காரணம். எல்லா போல்டையும் விரலால் மட்டும் மாட்டி, இரு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே டார்க் (முறுக்குவிசை) ரெஞ்ச்.

கையேட்டில் எண் தராத 8.8 ரக எஃகு போல்டுகளுக்கு எம்8 (8 மி.மீ. விட்டம்) என்றால் சுமார் 25, எம்10 என்றால் சுமார் 49, எம்12 என்றால் சுமார் 85 நியூட்டன் மீட்டர். இது எஃகுக்குள் எஃகு போகும் இடத்துக்கு மட்டும். அலுமினியத்துக்குள் போகும் போல்ட் அதன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே இறங்கியிருக்க வேண்டும். பிராக்கெட் தடிமன் கூடிய பிறகு பழைய நீள போல்டையே போட்டால் நான்கு புரிதான் பிடிக்கும். ஹார்லியில் அங்குல அளவு போல்டுகள். எட்டில் மூன்று அங்குலப் புரியில் எம்10 போல்டைத் திணித்தால் இரண்டு சுற்று போய் இறுகும், இறுகிவிட்டது என்று தோன்றும், புரி மட்டும் செத்திருக்கும். புரிப்பூட்டுப் பசை போட்ட இடத்தில் கிரீஸ் பூசக் கூடாது. துருத்தடுப்புப் பசை பூசிய போல்டில் டார்க்கில் கால் பங்கு வரை கழித்துவிட வேண்டும், பசை வழுக்குவதால் அதே டார்க்கில் போல்ட் கூடுதலாக இழுபடும். முடித்ததும் தலையில் பெயிண்டு கோடு. 100 கிலோமீட்டரில் ஒரு முறை, 500இல் ஒரு முறை திரும்ப வரச் சொல்லி இறுக்கம் பாருங்கள்.

டிரெய்லர் கொக்கி ஏற்கெனவே இருக்கும் வண்டியில் இரண்டும் ஒரே போல்டுக்குப் போட்டி போடும். வேலையை எடுப்பதற்கு முன்பே பாருங்கள், பாதி கழற்றிய பிறகு அல்ல.

மடக்கிய நிலையிலும் ஆபத்து இருக்கிறது, பலர் இதைப் பார்ப்பதே இல்லை. வளைவில் சாயும்போது ஃபுட்போர்டு தரையில் உரசினால் அது மேலே மடங்கும், சத்தம் போட்டு எச்சரிக்கும். துணைக்கால் மடங்காது. அது முதலில் தரையைத் தொட்டால் நெம்புகோல்போலப் பின் டயரைத் தரையிலிருந்து தூக்கிவிடும், அதற்குமேல் ஓட்டுபவர் கையில் எதுவும் இல்லை. ஆகவே பின் ஷாக்கை ராட்செட் பட்டையால் முழுதும் அமுக்கிக் கட்டி, இருவர் பிடிக்க, ஃபுட்போர்டு தரையைத் தொடும்வரை வண்டியைச் சாயுங்கள். அந்த நிலையில் துணைக்காலுக்கும் தரைக்கும் நடுவே விரல் தடிமனாவது மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டியை வெளியே விடாதீர்கள். வேன் ரீனன் கணவாயில் லோடோடு இறங்குபவருக்கு அந்த விரல் தடிமன்தான் உயிர். ஷாக் அமுங்கிய அதே நிலையில் பின் பிரேக் ஹோஸ், வயர்கள், சைலன்சர் எதிலும் கால் படவில்லை என்றும் பார்த்துவிடுங்கள்.

மின்சாரத்தில் இரண்டே சங்கதி. மெயின் ஃப்யூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். கிட்டின் வயரை நீட்டினால் அதே தடிமனுக்குக் குறையக் கூடாது. இரண்டாவது, இரு கால்களும் ஒரே நேரத்தில் தரைக்கு வர வேண்டும். ஒன்று பிந்தினால், கால் இறங்கும்போதே ஆக்சுவேட்டர் (காலை இறக்கி ஏற்றும் மோட்டார்) முனையில் வோல்டேஜ் பாருங்கள். பேட்டரியைவிட அரை வோல்டுக்கு மேல் குறைந்தால் வயரிலோ, வயர் முனையை நசுக்கிப் பிடிக்கும் கிரிம்பிலோ கோளாறு. இடது வலது பிளக்குகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். தாமதம் மறு பக்கம் போனால் வயர், அதே காலில் நின்றால் அந்தக் காலின் மூட்டு அல்லது மோட்டார். நம் கடற்காற்றில் பிளக் பச்சை பூத்துவிடும், ஒவ்வொரு பிளக்கிலும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் வைத்துவிடுங்கள்.

காலை இயக்கும் கன்ட்ரோலருக்கு வண்டியின் வேகத்தைச் சொல்லும் சிக்னல் விஷயத்தில் குறுக்கு வழி கூடவே கூடாது. கன்ட்ரோலர் தவறான வேகத்தை நம்பினால் நெடுஞ்சாலையில் காலை இறக்கிவிடும். பின் சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி, கையேடு சொல்லும் வேகத்துக்கு மேல் சுற்றவிட்டுக் கால் இறக்கும் பட்டனை அழுத்துங்கள். கால் அசையக் கூடாது. ஏ.பி.எஸ். விளக்கு எரியலாம், கொஞ்ச தூரம் ஓட்டினால் அணைந்துவிடும். ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டுக் கையால் காலைத் தூக்கும் முறையையும் உரிமையாளரையே ஒரு முறை செய்ய வையுங்கள். இறங்கிய கால் ஏறாவிட்டால் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு திரும்ப முடியாது.

ஓட்டுபவருக்குச் சொல்ல வேண்டியதில் முக்கியமானது: கால் இறங்கியிருக்கும்போது வண்டி சாயாது. சாயாத வண்டியை, திரும்ப வேண்டிய பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்பி ஓட்ட வேண்டும். வேகத்தில் பழகிய எதிர்த்தள்ளல் (திரும்பும் பக்கத்து ஹேண்டில்பாரை முன்னே தள்ளி வண்டியைச் சாய்ப்பது) இங்கே வேலை செய்யாது. எனவே ஹேண்டில்பார் நேராக, நடை வேகத்தில், திருப்பம் முடிந்த பிறகே இறக்கட்டும். மரியன்ஹில் சுங்கச்சாவடி வரிசையில் சரிதான், குழி விழுந்த தெருவில் வேண்டாம். டிராக்கன்ஸ்பெர்க் விடுதிகளின் சரளை முற்றத்திலும், மழைக்குப் பிந்திய கோயில் மைதானப் புல்லிலும் சிறு சக்கரம் புதைந்துவிடும். காலி மைதானத்தில் அரை நாள் பழகாமல் யாருக்கும் சாவியைக் கொடுக்காதீர்கள்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. 1996ஆம் ஆண்டின் 93ஆம் எண் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் இரண்டு சக்கரம். மூன்று, நான்கு சக்கர வண்டிகளுக்குத் தனி வகை. தரையில் எப்போதாவது படும் சக்கரம் எந்தக் கணக்கில் சேரும் என்பதை நீங்களே தீர்மானிக்காமல், தகுதிச் சோதனை நிலையத்திலும் இன்சூரன்ஸ்காரரிடமும் எழுத்தில் கேட்டு வாங்கும்படி உரிமையாளரிடம் சொல்லுங்கள். சொல்லாமல் விட்ட மாற்றத்தைக் காட்டியே இழப்பீட்டை மறுப்பார்கள். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, நீங்கள் பொருத்தும் புதிய உதிரிபாகத்துக்கும் அதற்கான வேலைக்கும் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் வைக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வண்டியை ஒப்படைக்கும்போது ஓர் அட்டையில் ஐந்து எண்களை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்: தனி ஆள் பிரீலோடு, அதன் இடைவெளி, இருவர் பிரீலோடு, அதன் இடைவெளி, கால் இறங்க அனுமதிக்கும் வேகம். பிரதி ஒன்று உங்கள் கோப்பில் இருக்கட்டும். ஷாக் மாற்றினாலும், வேறு அளவு டயர் போட்டாலும், பின்சீட்டு ஆள் மாறினாலும் அந்த வண்டி மறுபடி உங்கள் சமதரைக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
பெரிய பைக்குகளைப் பழுது பார்ப்பவர்களும் ஓட்டுபவர்களுமாகிய தமிழர் சிலர்,
குவாசுலு-நட்டால்